மலையில் மயங்கி விழுந்தால் தூக்குவது யார்?

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. அதற்கும் மேலே, மேகம் தவழும் உயரத்தில், கொழுக்குமலை. அங்கே தேயிலைத் தோட்டம் உண்டு. சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்தும் இரண்டு கூட்டமாக வந்தவர்கள் அந்த மலையில் ஏறினார்கள். மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெண்கள் பலர். பெரும்பாலோர் படித்தவர்கள், இளம் வயதினர். வேலைக்கு இரண்டு நாள் விடுமுறை. காடு பார்க்கலாம், சூரிய உதயம் பார்க்கலாம் என்று வந்தார்கள்.

முதல் நாள் ஏறினார்கள். இரவு மேலே தங்கினார்கள். மறுநாள் இறங்கும்போது காட்டில் தீ!

மார்ச் மாதம். சரிவு முழுவதும் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். காற்றும் வீசியது. சமதரையில் ஓடும் தீயைவிட மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறும் தீக்கு வேகம் அதிகம். கீழே எரிகிற தீ மேலே உள்ள புல்லை முதலிலேயே சுட்டுக் காய வைத்துவிடுகிறது. பிறகு பற்றுவதற்கு நேரம் ஆவதில்லை. அந்தத் தீயை முந்தி மேலே ஓட மனிதனால் முடியாது. அவர்கள் சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். மற்றவர்கள்? இதுதான் இன்றைக்கும் நாம் யோசிக்க வேண்டிய பகுதி. உயிரோடு கீழே வந்தவர்களிலும் பலர், மதுரையிலும் சென்னையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அடுத்தடுத்த நாட்களில் ஒருவர் பின் ஒருவராகக் கண் மூடினார்கள். சாவு எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

முதலில் வந்தது யார்?

தீயில் சிக்கியவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் டாக்டர்கள் அல்ல. ஆம்புலன்ஸும் அல்ல. அந்த மலையில் வாழும் ஜனங்கள். போர்வையையும் துணியையும் கம்பில் கட்டித் தொட்டில்போல் ஆக்கி, வெந்த உடம்புகளை அதிலே கிடத்தி, இருட்டில், வழியே இல்லாத வழியில் இறக்கிக் கொண்டு வந்தார்கள். போலீசாரும், வனத்துறையினரும், தீயணைப்புப் படையினரும் சேர்ந்துகொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இருட்டில் மலைச்சரிவில் ஹெலிகாப்டர் என்ன செய்ய முடியும்? மீட்பு வேலை இரவு முழுவதும் நடந்து, மறுநாளும் தொடர்ந்தது.

இந்த நேரக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய தீக்காயத்தில் ஆபத்து தோல் போனது மட்டும் அல்ல. தோல் என்பது பானையின் சுவர் மாதிரி. அது போய்விட்டால் உடம்பில் உள்ள நீர் கசிந்துகொண்டே இருக்கும். ரத்த ஓட்டம் குறையும். சிறுநீரகம் பழுதாகும். ஆகவே தீக்காயம் பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ஏராளமான திரவத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்த 8 மணி நேரம், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நேரத்தில் இருந்து எண்ணப்படுவது அல்ல. தீ சுட்ட நிமிடத்தில் இருந்து எண்ணப்படுவது! மலையில் கழிந்த மணிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

ஊரில் நடக்கும் விபத்துக்கும் மலையில் நடக்கும் விபத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஊரில் அடிபட்டால் 108-க்கு போன் செய்கிறோம். 2008-ல் இருந்து தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. ஆனால் வண்டி, சாலை முடிகிற இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே கால்தான். தோள்தான்.

ஏழு மலை ஏறும் பக்தர்கள்

குரங்கணி பெரிய செய்தி. நாடே அழுதது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒருவர் இருவராக மலையில் இறப்பவர்களைப் பற்றி நான்கு வரிச் செய்திதான் வருகிறது.

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலை. பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை தாண்டினால் சுவாமி தரிசனம். உச்சி ஏறத்தாழ 6,000 அடி உயரம். கையில் மூங்கில் தடி. பெரும்பாலும் இரவு நேரத்தில் ஏற்றம். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த மலையில் மூன்று பக்தர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவர் முதியவர். ஆனால் மற்ற இருவருக்கும் வயது 40-ஐத் தாண்டவில்லை. அந்த ஒரே பருவத்தில் மேலும் பலர் இறந்தார்கள். இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம், தனியாக ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது.

எச்சரிக்கை சரிதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இதய நோய் இருப்பது தெரிந்தவர் பயந்து நின்றுவிடுவார். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்தான் ஏறுகிறார்! நாற்பது வயது வரை ஒரு தடவைகூட ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ளாத ஆண்கள் நம் ஊரில் எத்தனை பேர்? "எனக்கு ஒன்றும் இல்லை, தலைவலிகூட வந்தது இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் அவர்கள்தான்.

மலை ஏறும்போது உடம்பில் என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு பஸ். தூக்கம் இல்லை. விரதம் என்று சிலர் சாப்பிடுவது இல்லை. அடுத்த இரவு ஏற்றம். படிக்குப் படி தொடைச் சதை ரத்தம் கேட்கிறது. இதயம் இரட்டிப்பு வேலை செய்கிறது. வியர்வையில் உப்பும் நீரும் போகின்றன. மேலே போகப் போகக் குளிர் காற்று. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும். ஏற்கெனவே கொழுப்பு படிந்து குறுகிய குழாய் என்றால் அங்கே அடைத்துக்கொள்ளும்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்தம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணம் தெரியாத மூச்சு வாங்கல் - இவை வந்தால் அது "வாயு" அல்ல. சோடா குடித்தால் சரியாகாது. "இன்னும் ஒரு மலைதானே" என்று ஏறவும் கூடாது. அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். சாய்ந்து உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஆள் அனுப்ப வேண்டும். நடந்து இறங்குவதுகூட இதயத்துக்கு வேலைதான். அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஏற்கெனவே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், அவசரத்துக்கு எந்த மாத்திரையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாத்திரையை அடிவாரத்தில் நிற்கும் வேனிலேயே விட்டுவிட்டு ஏறுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது!

ஆள் பேச்சு மூச்சு இல்லாமல் விழுந்துவிட்டால்? மூச்சு இல்லை, அல்லது விக்கல்போல் இழுத்து இழுத்து வருகிறது என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். சமமான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பின் மேல் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். இரண்டு அங்குல ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒருவர் களைத்தால் அடுத்தவர். எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.

டோலியில் ஒரு ஆபத்து

வெள்ளியங்கிரியில் மயங்கி விழுந்தவரைக் கீழே கொண்டு வருவது டோலி. ஒரு கம்பு, அதில் கட்டிய துணி, தோள் கொடுக்கும் ஆட்கள். பெரும்பாலும் அவர்கள் அந்த மலையைத் தெரிந்த மலைவாசிகள். அவர்களுடைய கால் வழுக்காது. இருட்டிலும் பாதை தெரியும். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒருவரும் இறங்க முடியாது.

ஆனால் டோலியில் நினைவு இழந்தவரைப் படுக்க வைத்தால் உடம்பு வில்லாக வளைகிறது. முகவாய் நெஞ்சில் போய் இடிக்கிறது. கழுத்து மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். உயிரோடு ஏற்றப்பட்டவர் வழியிலேயே மூச்சு முட்டிப் போகலாம். முதுகெலும்பு முறிந்தவரை இப்படி வளைத்தால் கை கால் விளங்காமலே போகலாம். நெஞ்சை அழுத்தும் சிகிச்சையையும் ஆடும் தொட்டிலில் செய்ய முடியாது.

இதற்கு மாற்று பெரிய விஞ்ஞானம் அல்ல. பலகை போல் விறைப்பான, மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய ஸ்ட்ரெச்சர் போதும். ஒவ்வொரு மலைக்கும் இடையிடையே இரண்டு மூன்று இடத்தில் அதைப் பூட்டி வைத்து, சாவியை டோலி தூக்குபவர்களிடமே கொடுத்து, அவர்களுக்கே முதலுதவிப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால் என்ன? இப்போது அவர்கள் செய்வது உயிர் காக்கும் வேலை. கிடைப்பது, அன்றைக்கு நோயாளியின் உறவினர் பேசி முடிக்கும் கூலி. உயிருக்குப் போராடும் மனிதரை நடுவில் வைத்துக்கொண்டு கூலி பேசும் நிலைமை இரண்டு பக்கத்துக்கும் கேவலம்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், சபரிமலைக்குப் போய்ப் பாருங்கள். பம்பையில் இருந்து சன்னிதானம் போகும் ஏற்றத்தில், நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்களைக் கேரள அரசு சீசன்தோறும் நடத்துகிறது. வழியெங்கும் ஆக்சிஜன் கொடுக்கும் இடங்கள். தமிழ்நாட்டில் இருந்து மாலை போட்டுப் போன எத்தனையோ சாமிகள் அங்கே மூச்சு வாங்கி உட்கார்ந்து, ஆக்சிஜன் பிடித்து, பிழைத்து ஊர் திரும்பி இருக்கிறார்கள். அங்கே கூட்டம் பெரிது, வருமானமும் பெரிது என்பது உண்மை. ஆனால் நின்றுபோன இதயம் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பது இல்லை.

இமயமலையில் அமர்நாத் குகை இருக்கும் உயரம் ஏறத்தாழ 12,700 அடி. அங்கே போக மருத்துவச் சான்று கட்டாயம். 13 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லை. அத்தனை உயரத்தில் காற்றில் பிராணவாயு அழுத்தம் குறைவு. இளைஞருக்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தலைவலியோடு வாந்தி வந்தால் மேற்கொண்டு ஏறக்கூடாது. இறங்குவதுதான் மருந்து. வடக்கே யாத்திரை போகும் நம்மவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

புதிய பாதைகள்

குரங்கணித் தீக்குப் பிறகு அரசு விசாரணை நடத்தியது. அதே 2018-ல் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும் என்று ஆயிற்று. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து கட்டணம் கட்டிப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகள். காட்டுத்தீ மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குரங்கணியில் இந்த விதி இருந்திருந்தால் அன்று அந்தக் கூட்டம் மலையில் இருந்திருக்காது.

ஆனால் கட்டணம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பாதையின் நடுவில் என் கால் முறிந்தால், நான் ஆஸ்பத்திரி சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" வழிகாட்டி இதற்குச் சட்டென்று பதில் சொன்னால், ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம். விழித்தால், இல்லை என்று அர்த்தம். பதிவு செய்யும் இடத்திலேயே ஒவ்வொரு பாதைக்கும் எதிரே அந்த மணிக்கணக்கை அச்சிட்டு வைக்கலாம். தூரம் எழுதுகிறார்கள், உயரம் எழுதுகிறார்கள். இதை எழுத என்ன தடை?

பாம்பும் தேனீயும்

காடு என்றதும் நாம் பயப்படுவது யானைக்கும் சிறுத்தைக்கும். பாம்புக்கடியை மறந்துவிடுகிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். வருஷத்துக்கு 58 ஆயிரம்! பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கு விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர் மக்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். இன்று நாட்டுக்கே உயிர் கொடுக்கிறார்கள்.

நான்குக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. அதைத் தேடும் நேரம் வீண். இன்னொருவரும் கடி வாங்கலாம். விஷம் ஏறி இருக்கிறதா என்று டாக்டர் வேறு வழியில் கண்டுபிடிப்பார். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைப்பார். பிறகு சாய்த்துப் பார்ப்பார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராய் ஓடினால் விரியன் விஷம். கண் இமை தூக்க முடியாமல் தொங்கினால் நல்ல பாம்பு அல்லது கட்டுவிரியன் விஷம். அவ்வளவு எளிய சோதனை.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி அதிகம் தெரியாது. கடித்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை தொங்கும். காட்டில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தாலே இதைத் தடுக்கலாம்.

கடித்தால், கயிற்றால் இறுகக் கட்டக்கூடாது. கத்தியால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. சினிமாவில் கதாநாயகன் உறிஞ்சுவதோடு சரி! கடிபட்ட கையையோ காலையோ ஒரு கம்பை அணைவைத்துத் துணியால் லேசாகக் கட்டி, அசைக்காமல் வைக்க வேண்டும். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிட வேண்டும், வீங்கினால் இறுகிக்கொள்ளும். அவரை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மந்திரிக்கப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரி போய்விடலாம்.

மலைத்தேனீயும் லேசான பிராணி அல்ல. புகையும் வாசனைத் தைலமும் அதைக் கிளப்பிவிடும். கொட்டத் தொடங்கினால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். நின்று கையை வீசக்கூடாது. சிலருக்கு ஒரு தேனீ கொட்டினாலே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்துவிடும். அவர்களுக்கு உடனடி மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. முன்பே ஒரு தடவை இப்படி ஆனவர் டாக்டரைக் கேட்காமல் காட்டுக்குள் போவது அறியாமை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மலைக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கிடப்பவருக்கு மலைக்காற்று மருந்து. சாமி கும்பிடுபவருக்கு அது வேண்டுதல். யாரும் சொல்லி நிற்கப் போவது இல்லை, நிற்கவும் வேண்டாம்.

ஆனால் போகிறவர் வீட்டில் ஒரு காகிதம் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். எந்த மலை, எந்த வழி, கூட யார், அவர்கள் போன் எண், வழிகாட்டியின் பெயர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்த வகை என்ன, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். மலையில் சிக்னல் இருக்காது. உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனியின் சிக்னல் எட்டினால் 112-க்குப் பெரும்பாலும் அழைப்பு போகும். அதுவும் போகாத இடங்கள் உண்டு.

அப்போது கீழே இருப்பவர்தான் கூப்பிட வேண்டும். மாலை 5 மணிக்கு இறங்கி வந்து போன் செய்வதாகச் சொன்ன மகன், 7 மணி வரை செய்யவில்லை என்றால், "வந்துவிடுவான், சிநேகிதர்களோடு பேசிக்கொண்டிருப்பான்" என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு 112-ஐக் கூப்பிடுங்கள். மலையின் பெயரையும் வழியையும் படித்துச் சொல்லுங்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றால், இரண்டு திட்டு திட்டிவிட்டுச் சோறு போடுங்கள்.